கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் பட்டறை

2025 செப்டம்பரில் கிழக்கு டெல்லியின் நிர்மாண் விஹாரில் நடந்த விபத்தின் காணொலியைப் பார்க்காதவர்கள் குறைவு. புதிதாக வாங்கிய எஸ்யூவியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் சடங்கின்போது ஆக்ஸிலரேட்டர் பலமாக அழுத்தப்பட்டுவிட, வண்டி ஷோரூமின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு முதல் மாடியிலிருந்து சாலையில் விழுந்தது. ஏர்பேக்குகள் விரிந்தன, உள்ளே இருந்தவர்கள் பெரிய காயமின்றித் தப்பினார்கள். அதன்பின் சில நாட்களுக்கு ஒரே கேலி. மூடநம்பிக்கை என்று சிலர் திட்டினார்கள். வண்டியை எடுத்தவர் பெண் என்பதால் பெண்கள் கார் ஓட்டுவதைப் பற்றிய பழைய நகைச்சுவைகள் எல்லாம் தூசி தட்டப்பட்டன. எலுமிச்சம்பழம் எத்தனையோ ஷோரூம்களில் யாருக்கும் தீங்கில்லாமல் நசுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் மாடியில், ஒரு வண்டியின் எடையைத் தாங்கும் தடுப்பு எதுவும் இல்லாத கண்ணாடிச் சுவருக்கு எதிரே, அந்த வண்டிக்கு இன்னும் பழகாத ஒருவர் என்ஜினை இயக்கலாம் என்று ஏற்பாடு செய்தது யார் என்ற கேள்விதான் அந்தச் சிரிப்பில் காணாமல் போனது.

டீலர்ஷிப்களில் நேரும் விபத்துகளைப் பற்றி நாம் பேசும் முறைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. யார் கை தவறியது என்று தேடுகிறோம். அந்தக் கை அங்கே அந்த நேரத்தில் ஏன் இருந்தது என்று தேடுவதில்லை. கார் விற்பனை என்பது நாள் பார்த்து நடக்கும் வியாபாரம். முகூர்த்த நாளிலும் ஆயுத பூஜை வாரத்திலும் மாதக் கடைசியிலும் டெலிவரிகள் குவியும். வாடிக்கையாளரின் குடும்பம் நல்ல நேரத்துக்குள் வண்டியை எடுக்க நிற்கும். பின்னால் சர்வீஸ் பகுதியில் ஜாப் கார்டில் எழுதித் தந்த நேரத்துக்கு வண்டியைக் கொடுத்தாக வேண்டும். பாதுகாப்பை மதிக்கும் பண்பாடு ஒரு டீலர்ஷிப்பில் வளர்கிறதா, சாகிறதா என்பது சுவரில் ஒட்டிய சுவரொட்டியில் தீர்மானமாவதில்லை. எந்த வேலைக்கு எத்தனை நிமிடம், எதற்கு ஊக்கத்தொகை, எதற்கு மதிப்பெண் என்ற கணக்கில் தீர்மானமாகிறது. அந்தக் கணக்கின் பெரும்பகுதியை எழுதுவது கார் தயாரிக்கும் நிறுவனம். ஆகவே பாதுகாப்புக்கான பொறுப்பையும் அங்கிருந்தே கேட்கத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் கட்டிடத்தைப் பார்க்கலாம். முன்பக்கம் குளிரூட்டிய ஷோரூம். அங்கே வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். 2021இல் அந்தச் சட்டத்தில் திருத்தம் வந்ததால் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டியது கட்டாயமும் ஆனது. அதே கட்டிடத்தின் பின்பக்கம் பட்டறை. பழுதுபார்ப்பதும் கழுவுவதும் உற்பத்திச் செயல்தான் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வரையறுத்திருந்தது; மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றும் சொன்னது. அதாவது பளபளக்கும் ஷோரூமின் முதுகில் ஒரு தொழிற்சாலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் அதைப் பார்ப்பதில்லை. காத்திருப்பு அறையின் கண்ணாடி வழியே தெரிவது பெரும்பாலும் வாட்டர் வாஷும், லிஃப்டில் தூக்கிய வண்டியும்தான். டிங்கரிங், பட்டி பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அதற்கும் பின்னால்.

அந்தப் பின்பகுதியில் உள்ள ஆபத்துகள் புதிரானவை அல்ல. இரண்டு தூண் லிஃப்டில் வண்டியைச் சரியான இடத்தில் தாங்கவில்லை என்றால், பின்பகுதியில் கனமான பாகத்தைக் கழற்றும்போது சமநிலை மாறி வண்டி சரியும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில், ஸ்டாண்டு வைக்காமல், ‘ரெண்டு நிமிஷ வேலை’ என்று புகுந்தவர்கள் உலகெங்கும் நசுங்கியிருக்கிறார்கள். வாட்டர் வாஷ் பகுதியில் ஈரத் தரை, உயர் அழுத்தப் பம்பு, இழுத்து இழுத்துத் தோல் உரிந்த ஒயர் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் இல்லாத இடத்தில் உயிர் போக ஒரு கணம் போதும். கம்ப்ரசர் காற்றால் சட்டையில் உள்ள தூசியைத் தட்டிக்கொள்வது, மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிடுவது, பழைய ஆயில் படிந்த துணியையே நாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்திருப்பது என்று சின்ன வழக்கங்கள் நிறைய. இவற்றை ஒவ்வொன்றாக விவரிப்பதைவிட, அதிகம் கவனிக்கப்படாத ஒன்றில் சற்று நிற்பது பயன் தரும்.

அது பெயிண்ட் பூத். கார்களுக்கு இன்று அடிக்கப்படும் இரு கலவைப் பெயிண்டிலும் மேல்பூச்சிலும் கடினமாக்கியாகச் சேர்க்கப்படுவது ஐசோசயனேட் வகை வேதிப்பொருள். அதைச் சுவாசிப்பவர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வருகிறது என்பது மருத்துவ உலகில் சந்தேகமின்றி நிறுவப்பட்ட செய்தி. வாகனப் பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்ற தொழிலாளர்களைவிடச் சுமார் 80 மடங்கு அதிகம் என்று பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் சொல்லியிருக்கிறது. ஆபத்தான அளவில் இருந்தாலும் ஐசோசயனேட்டுக்கு வாசனை தெரியாது. ஆகவே ‘நெடி அடிக்கலையே’ என்ற அனுபவ அறிவு இங்கே உதவாது. துணியை மூக்கில் கட்டினாலோ, காகித முகக்கவசம் போட்டாலோ தடுக்காது; குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். பெயிண்ட் அடித்து முடித்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத மூடுபனி பூத்துக்குள் சில நிமிடங்கள் தங்கும். அது வெளியேற எவ்வளவு நேரமாகும் என்று புகைச் சோதனை செய்து அளந்து, கதவிலேயே எழுதி வைக்க வேண்டும். பெயிண்டர்களோ வேலை முடிந்ததும் மெருகு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முகமூடியைத் தூக்கிவிடுகிறார்கள். ஒருமுறை உடல் ஒவ்வாமைக்கு ஆளாகிவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவுகூட மூச்சை முட்டவைக்கும். கற்ற தொழிலை விடுவதைத் தவிர வழியில்லை. வேலை முடிந்த கையோடு எடுக்கும் எளிய சிறுநீர்ப் பரிசோதனையே உடலுக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டிவிடும். நம் ஊரில் எத்தனை டீலர்களின் பெயிண்டர்கள் அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இங்கே வழக்கமான மறுப்பு ஒன்று வரும். ‘கையுறை கொடுத்தோம், கண்ணாடி கொடுத்தோம், ஷூ கொடுத்தோம், போட மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் அலட்சியத்துக்கு நாங்கள் என்ன செய்வது?’ இதில் பாதி உண்மை உண்டு. பழகிய வேலையில் பயம் போய்விடும். பத்து வருடம் ஒன்றும் ஆகாதவருக்குப் பதினோராவது வருடமும் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். மே மாதச் சென்னையில் தகரக் கூரையின் கீழ் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு நிமிடத்தில் வியர்வையால் மங்கிவிடும். தடித்த கையுறையோடு சின்ன போல்ட்டைப் பிடிக்க முடியாது. பல இடங்களில் டெக்னீசியனின் சம்பளத்தில் ஒரு பகுதி எத்தனை வண்டி முடித்தார் என்பதைப் பொறுத்தது. 60 நிமிடத்தில் சர்வீஸ், 90 நிமிடத்தில் சர்வீஸ் என்று விளம்பரங்கள் வருகின்றன. அந்த 60 நிமிடத்தில் ஸ்டாண்டு எடுத்து வருவதற்கும், லிஃப்டின் பூட்டு விழுந்ததா என்று சரிபார்ப்பதற்கும் எத்தனை நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? ஒதுக்கப்படவில்லை என்றால், விதியைப் பின்பற்றும் தொழிலாளி தன் கைக்காசைச் செலவழித்துத்தான் பின்பற்றுகிறார். விதியை மீறுபவருக்கு ஊக்கத்தொகை, பின்பற்றுபவருக்கு நஷ்டம் என்று ஏற்பாடு செய்துவிட்டு, மீறுகிறார்கள் என்று வருத்தப்படுவது நியாயமாகாது.

‘எங்களிடம் விபத்தே நடந்ததில்லை’ என்பது இரண்டாவது மறுப்பு. இதை இன்னும் சந்தேகத்தோடு கேட்க வேண்டும். சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய காயம் என்பது, அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால்தான். கண்ணில் இரும்புத்துகள் பட்டு மறுநாள் சிவந்த கண்ணோடு வந்தவர், விரல் நகம் பெயர்ந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், லிஃப்டிலிருந்து வண்டி நழுவி யார் மேலும் விழாமல் தப்பிய நாள், எதுவும் எந்தக் கணக்கிலும் வராது. 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து தரும்போது நேரும் தவறுகளை ஹார்வர்டு ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்த விவரம் தலைகீழாக இருந்தது: நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்று பொருளில்லை. நடந்ததைச் சொல்லப் பயம் இல்லை என்பதே அவர் கண்டறிந்த விளக்கம். இதைப் பட்டறைக்குப் பொருத்திப் பார்த்தால், ‘விபத்தில்லா 365 நாட்கள்’ என்று பெருமையோடு தொங்கும் பலகை இரண்டில் ஒன்றைச் சொல்லலாம். உண்மையிலேயே பாதுகாப்பான இடம், அல்லது அடிபட்டதை ஃப்ளோர் இன்சார்ஜிடம் சொன்னால் திட்டு விழும் இடம். பலகையை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. சொல்லப் பயப்படுபவர்கள் யார் என்பதும் தெரிந்ததே: ஐடிஐ முடித்துப் பயிற்சிக்கு வந்த பையன்கள், ஒப்பந்தக்காரர் வழியாக வரும் வாட்டர் வாஷ் ஆட்கள், ஹெல்பர்கள். ஆபத்தான வேலையில் பாதி அவர்கள் தலையில்தான் விழுகிறது.

இப்போது கார் நிறுவனத்துக்கு வரலாம். ஒரு டீலர்ஷிப்பின் தரையில் என்ன ஓடு பதிக்க வேண்டும், பெயர்ப்பலகையின் அளவு என்ன, வரவேற்பாளர் எப்படி வணங்க வேண்டும், எந்தச் சிறப்புக் கருவிகளை வாங்கி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் நிறுவனம் கையேடு போட்டுச் சொல்கிறது. சர்வீஸ் முடிந்து வீடு திரும்பியவரை அழைத்து எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்கிறது. அந்த மதிப்பெண் டீலரின் ஊக்கத்தொகையைத் தொடுவதால், ‘சார், பத்துக்குப் பத்து போடுங்க’ என்று சர்வீஸ் அட்வைசர் கெஞ்சுவதைக் கார் வைத்திருக்கும் எல்லோரும் அறிவோம். இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் நிறுவனம், தன் பெயரைச் சட்டையில் தாங்கி வேலை செய்பவரின் விரல்களை அளப்பதில்லை. தணிக்கைப் படிவத்தில் தீயணைப்புக் கருவி இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்ற வரிகள் இருக்கலாம். இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று குறிப்பது எளிது. மாடிப்படியின் கீழ் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தாலும் அது இருக்கத்தானே செய்கிறது.

‘டீலர் தனி நிறுவனம், அவர் ஊழியர்களுக்கு அவரே முதலாளி, நாங்கள் எப்படித் தலையிடுவது?’ என்று கார் நிறுவனங்கள் கேட்கும். சட்டப்படி சரியான பதில். ஆனால் இதே பதிலை ஆயத்த ஆடைத் துறையின் பெரிய பிராண்டுகள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. 2013இல் டாக்கா அருகே ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அவற்றில் பல, தங்களுக்குச் சொந்தமில்லாத ஆலைகளின் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நமக்கு இன்னும் அருகில் திண்டுக்கல் இருக்கிறது. அங்கே ஆடை ஆலையொன்றில் வேலை செய்த இளம்பெண் 2021இல் கொல்லப்பட்டதையடுத்து, தொழிற்சங்கத்தோடும் ஆலை நிறுவனத்தோடும் எச் அண்ட் எம், கேப் போன்ற பிராண்டுகள் 2022இல் ஒப்பந்தம் செய்தன. ஆலை தன் பொறுப்பைத் தட்டிக்கழித்தால் வணிகத்தில் அதன் விளைவைச் சந்திக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களும் பயிற்றுவிக்கப்பட்டார்கள். அங்கே பிரச்சினை பாலியல் வன்முறை, இங்கே லிஃப்டும் பெயிண்டும், இரண்டையும் சமப்படுத்தவில்லை. வாங்குபவரின் பிடி சொந்தமில்லாத ஆலையின் தளம்வரை நீளும் என்பதற்கு அது சான்று. வாகனத் துறையிலேயே, குருகிராம், மானேசர், ஃபரிதாபாத் பகுதி உதிரிபாக ஆலைகளில் பவர் பிரஸ்ஸில் விரலிழந்தவர்களை சேஃப் இன் இந்தியா அறக்கட்டளை 2019 முதல் ‘கிரஷ்ட்’ என்ற அறிக்கைகளில் பதிவுசெய்து, கார் நிறுவனங்களின் வாசலில் அந்தக் கேள்வியை வைத்து வருகிறது. உதிரிபாகம் வரும் வழிக்குக் கேட்கும் கேள்வியைக் கார் போகும் வழிக்கும் கேட்கலாம். சொல்லப்போனால் உதிரிபாக ஆலையின் சுவரில் கார் நிறுவனத்தின் பெயர் இருக்காது. டீலர்ஷிப்பின் நெற்றியிலேயே இருக்கிறது.

செலவு பற்றிய மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். கார் விற்பனையில் டீலருக்குக் கிடைக்கும் பங்கு மிகக் குறைவு என்று டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அதோடு டீலரின் நிலை உறுதியானதும் அல்ல. 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்திய விற்பனையை நிறுத்தியபோதும், 2021இல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோதும், நிறுவனம் சொன்னபடி கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய ஷோரூம்களோடு டீலர்கள் தவித்து நின்றார்கள். அப்படிப்பட்டவரிடம் போய்க் காற்றுக்குழாய் முகமூடி வாங்கு, பூத்தைச் சோதி, ஆண்டுதோறும் லிஃப்டை நிபுணரிடம் காட்டு என்று மட்டும் சொன்னால், அவர் அந்தச் செலவை வேறெங்காவது பிடிப்பார். பெரும்பாலும் ஹெல்பர் சம்பளத்தில். ஆகவேதான் டீலரை மட்டும் குறிவைக்கும் யோசனைகள் எனக்கு உவப்பில்லை. இத்தாலிய ஓடு பதிக்கச் சொல்லும் கையேட்டில், அதே பணத்துக்குக் காற்றோட்டம் உள்ள பூத்து என்று எழுதுவது நிறுவனத்தால் முடியும். உத்தரவாதக் காலப் பழுதுகளுக்கு நிறுவனம் டீலருக்குத் தரும் கூலி, நிமிடக் கணக்கில் நிர்ணயமாகிறது; அந்த நிமிடங்களில் பாதுகாப்பு நடைமுறைக்கான நேரத்தையும் சேர்த்துவிட்டால், டெக்னீசியன் விதியைப் பின்பற்றக் கைக்காசு செலவழிக்க வேண்டியதில்லை.

சட்டம் இருக்கிறதே, தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறதே என்று கேட்கலாம். சட்டம் வேண்டும், அது தளத்தின் அடிமட்டம். ஆனால் அந்த அடிமட்டமும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், மின்விசையோடு இயங்கும் இடம் தொழிற்சாலை ஆவதற்கான எண்ணிக்கை 10இலிருந்து 20 ஆக உயர்ந்துவிட்டது. சிறிய ஊர்களில் உள்ள சர்வீஸ் கிளைகள் பலவற்றில் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். 40 வயது கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று அறிவித்திருக்கிறார்கள், நல்லது. பெயிண்டருக்கு மூச்சு முட்டத் தொடங்குவது 40 வரை காத்திருக்காது. பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் தொழிலாளர் காயங்களை அறிக்கையில் வெளியிட வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது; அவற்றில் முதல் 250 நிறுவனங்கள் விரும்பினால் தங்கள் வணிகக் கூட்டாளிகளையும் கணக்கில் கொள்ளலாம் என்கிறது. ஆனால் கொள்முதலிலோ விற்பனையிலோ தனியாக 2 சதவீதமாவது இருப்பவர்தான் அந்தக் கணக்கில் கூட்டாளி. நாடெங்கும் நூற்றுக்கணக்கான டீலர்கள் உள்ள ஒரு கார் நிறுவனத்தில், தனியொரு டீலர் அந்த அளவைத் தொடுவது அபூர்வம். இப்படி ஒவ்வொரு வலையிலும் டீலர்ஷிப் நழுவிக் கீழே விழும் அளவில்தான் இருக்கிறது.

மின்சார வண்டிகள் வந்த பிறகு இந்த நழுவல் இன்னும் ஆபத்தானது. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் பற்றிய தீயின் புகை மேலே இருந்த தங்கும் விடுதிக்குப் பரவி 8 பேர் இறந்தார்கள். 2024 நவம்பரில் பெங்களூரு ராஜாஜிநகரில் அப்படியொரு ஷோரூம் எரிந்தபோது உள்ளே சிக்கிய இளம்பெண் ஊழியர் உயிரிழந்தார். அவை இருசக்கர வாகனக் கடைகள். மின்சாரக் காரின் பேட்டரியோ நூற்றுக்கணக்கான வோல்ட் கொண்டது. அதில் கை வைப்பதற்கு முன் இணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகள் வடியச் சில நிமிடம் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்று மீட்டரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். காப்புக் கையுறையில் ஊசித்துளை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் காற்றடைத்துச் சோதிக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். இத்தனையும் நேரம் பிடிக்கும் வேலைகள். பெட்ரோல் வண்டியில் ஸ்டாண்டு வைக்காமல் தப்பித்த பழக்கம் இங்கே முதல் முறையே தப்பவிடாமல் போகலாம்.

அளப்பது எதை என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. விபத்து எண்ணிக்கையை அளந்து பரிசு தந்தால் மறைப்பார்கள். சொல்லப் பயமிருக்கும் இடத்தில் தவறுகள் பதிவாகாது என்பதை எட்மண்ட்சனின் மருத்துவமனைகள் காட்டின. அதற்குப் பதில், மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை எழுதப்பட்டன, எழுதியவற்றில் எத்தனை ஒரு வாரத்துக்குள் சரிசெய்யப்பட்டன என்று கேட்கலாம். பாதுகாப்பில்லை என்று ஒரு ஹெல்பர் வேலையை நிறுத்திய நிகழ்வு கடந்த ஆறு மாதத்தில் ஒன்றாவது உண்டா, அதற்குப் பின் அவர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கலாம். பூத்திலிருந்து மூடுபனி வெளியேற எத்தனை நிமிடம் என்று மேலாளரை விட்டுப் பெயிண்டரிடம் கேட்கலாம். வாடிக்கையாளர் மதிப்பெண்ணுக்கு இணையான எடையை இவற்றுக்குத் தந்து, டீலரின் ஊக்கத்தொகையோடு இணைக்கலாம். ஃபாடா கேட்கும் கூடுதல் பங்கில் ஒரு பகுதியை இந்த நிபந்தனையோடு தர நிறுவனங்கள் முன்வரலாம். தணிக்கைக்கு மட்டும் முன்கூட்டியே தேதி சொல்லக் கூடாது. சொல்லிவிட்டு வரும் தணிக்கையாளருக்குப் பட்டறை எப்போதும் கழுவித் துடைத்தபடிதான் இருக்கும். மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை, ஐந்து மணிக்குத் தருவதாகச் சொன்ன ஆறு வண்டிகள் இன்னும் லிஃப்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும்.